சும்மா பார்க்கத்தானே

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு எங்கள் அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர்: நானும் வள்ளியப்பன் அண்ணனும். எங்கள் மேலாளர் கதீஜா மேடம் இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்று பன்னிரண்டுக்கே கிளம்பிவிட்டார். உமையாள் அக்காவும் இல்லை. அவர் இரண்டு தெரு தள்ளி, திருமணத் தகவல் மையத்தில், தன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் எங்கள் அறையில் எங்கள் இரண்டு பேரையும்விட அதிகமாக இருந்தவர் அவர்தான்.

இதை எழுதச் சொன்னவள் நந்தினி. என் நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். "அண்ணே, சிஸ்டம் வியூவப் பாக்க அனுமதி வேணும்னு யாராச்சும் கேட்டா என்ன குடுக்கலாம், என்ன குடுக்கக் கூடாதுன்னு ரெண்டு பக்கம் எழுதி வச்சுட்டுப் போங்க" என்றாள். கட்டளைகளை மட்டும் எழுதினால் அரைப் பக்கம் போதும். அதைத் தனியாகக் கொடுத்துவிட்டேன். இது மிச்சம்.

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். வயது முப்பத்தைந்துதான். ஆனால் பதினோரு வருடம் நான் பார்த்துக்கொண்ட சர்வரைப் போன மாதம் அணைத்து, அட்டைப் பெட்டியில் வைத்துக் கட்டினோம். மையத்தின் தகவல் எல்லாம் எங்கோ ஒரு பெரிய கம்பெனியின் வாடகை இயந்திரத்துக்குப் போய்விட்டது. அனுமதி கொடுப்பது மட்டும் நந்தினிக்கு மிச்சம். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையே இல்லாமல் போன பிறகு அதற்கு ஓய்வு என்றுதானே பெயர்.

என் அப்பா புதுவயல் அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரி, கல்விக் கடன், மதுரையில் ஆறு மாதப் பயிற்சி எல்லாம் ஒரு மூச்சில் முடிந்தன. காரைக்குடியில் பத்துப் பேர் வேலை பார்க்கும் இந்தச் சின்ன நிறுவனத்தில் சேர்ந்தபோது அப்பா கேட்டார்: "அங்க என்னடா வேலை?"

"கதவு பாக்குற வேலைப்பா. யாரு உள்ள வரலாம், யாரு எதப் பாக்கலாம்னு நாந்தான் சொல்லணும்."

"வாட்ச்மேனா?"

"அது மாதிரிதான்."

"அதுக்கு நாலு வருசம் படிச்சியா?" என்றார். பிறகு அவரே, "நல்ல வேலைதான். தூக்க வேண்டியதில்ல" என்று முடித்துக்கொண்டார்.

சிஸ்டம் வியூ என்பது டேட்டாபேஸ் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்துக்கொள்ளும் பட்டியல். இந்த நேரத்தில் உள்ளே யார் யார் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள், யாருக்காக யார் காத்திருக்கிறார்கள், அவர்கள் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எல்லாம் அதில் தெரியும். சாதாரணப் பயனருக்குத் தன் கேள்வி மட்டும் தெரியும். அடுத்தவர் கேள்வி இருக்கும் இடத்தில், பார்க்க அனுமதி இல்லை என்று வரும். பெரிய அனுமதியைக் கொடுத்தால் எல்லார் கேள்வியும் எழுத்துக்கு எழுத்து தெரியும். அந்தப் பெரிய அனுமதியைக் கொடுக்க ஒரே ஒரு வரி போதும். ஆபத்தே அதுதான்.

கதீஜா மேடம் அந்த ஒரு வரியை அடிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். அடித்துவிட்டு, வாய்விட்டு ஒரு முறை படிப்பார். பிறகு இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். திரையைப் பார்ப்பார். ஏதோ சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் உள்ளே கூப்பிடுகிறார்களா என்று வாசலில் நிற்பவர் மாதிரி இருக்கும். அதற்கப்புறம்தான் எண்டர். முடியாது என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. "எழுதிக் குடுங்க" என்பார். அவருடைய நீள நோட்டில் நான்கு கட்டம்: யாருக்கு, எதை, எதுக்கு, எது வரைக்கும்.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த தணிக்கைக்காரர், "எனக்கு எல்லாமே தெரியணும் மேடம்" என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மேடம் நோட்டை அவர் பக்கம் தள்ளினார்.

"தாராளமா சார். எல்லாமே வேணும்னா ஒவ்வொண்ணுக்கும் எதுக்குன்னு எழுதணுமே. பேனா இருக்கா, நான் குடுக்கவா?"

மனிதர் அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு மூன்று வரி எழுதினார். அந்த மூன்றும் அன்று சாயங்காலமே அவருக்குக் கிடைத்தன. மாத முடிவில் தேதி பார்த்து மேடமே அதை எடுத்தும் விட்டார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. அனுமதி கொடுத்ததும் அந்த ஆளின் பெயரிலேயே ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். "குடுத்துட்டேன்னு சொல்லாத தம்பி. அவுக கண்ணால ஒரு தடவ பாத்துட்டு வா, அப்புறம் சொல்லு" என்பார். நான் அதை ஒரு தடவைதான் விட்டேன்.

திருமணத் தகவல் மையம் எங்களுடைய பழைய வாடிக்கையாளர். சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் மலேசியா, சிங்கப்பூர் வரைக்கும் பிள்ளைகளின் ஜாதகத்தை அங்கேதான் பதிவு செய்வார்கள். அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பு வள்ளியப்பன் அண்ணனிடம். முன் மேஜையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வரன் தேடிக் கொடுப்பது உமையாள் அக்கா. முப்பத்தெட்டு வயது. கணவர் தவறி ஏழு வருடம். பன்னிரண்டு வயதில் ஒரு மகள். கொத்தமங்கலத்தில் மாமியார் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

பத்து நாளாக மையத்தில் ஒரு தொந்தரவு. மத்தியானம் ஒன்றரைக்கு எல்லாருடைய திரையும் நின்றுபோகும். ஒன்றே முக்காலுக்குத் தானாகச் சரியாகிவிடும். அன்று அதைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் என்று வள்ளியப்பன் அண்ணன் மடிக்கணினியோடு எங்கள் அறைக்கே வந்துவிட்டார்.

"செல்வம், இப்ப நிக்கிது பாரு. எனக்கு அந்த வியூவத் தொறந்து விடு. எவன் இத நிறுத்துறான்னு ஒரு தடவ பாத்துப்புடுறேன்."

"மேடம் வந்துரட்டும்ணே."

"உங்க மேடம் வாறதுக்குள்ள அது சரியாப் போயிரும். பத்து நாளா இதே கூத்து. சும்மா பாக்கத்தானப்பா கேக்குறேன், தொடவா போறேன்?"

சும்மா பார்க்கத்தானே. அந்தச் சொல்லை நான் வேறு இடத்தில் கேட்டிருக்கிறேன். என் அக்காவை ஏழு பேர் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் தரகர், "சும்மா பாத்துட்டுப் போறாக, புடிக்கலேன்னா விட்ரப் போறாக, உங்களுக்கு என்ன நட்டம்" என்பார். அந்த ஏழு பேரும் எதையும் தொடவில்லை, எடுத்துக்கொண்டு போகவும் இல்லை. ஆனால் ஏழாவது ஆள் போன பிறகு அக்கா வாசல் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். பார்ப்பது மட்டும் என்றால் என்ன என்று இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அந்த ஒரு வரியை அடித்தேன். கையை மடியில் வைக்கவில்லை. நோட்டில் எழுதவில்லை. அவர் கண்ணால் பார்க்கவும் இல்லை. சாப்பாட்டுப் பையை எடுக்கத் திரும்பினேன்.

"புடிச்சுட்டேன்! இதாம்ப்பா அந்தக் கள்ளன்!" என்றார் அண்ணன். நான் திரும்புவதற்குள் திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து, 'தினமும் நம்ம சர்வரை நிறுத்துவது இதுதான்' என்று மையத்தின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். குழுவில் பதினான்கு பேர்.

படத்தைப் பார்த்தேன். பயனர் பெயர் இருந்த இடத்தில் உமையாள். ஓடிக்கொண்டிருந்த தேடல்: ஆண்; வயது நாற்பதிலிருந்து ஐம்பது. ஊர், படிப்பு, சம்பளம், சொத்து என்று வழக்கமாக எல்லாரும் நிரப்பும் கட்டம் எதிலும் ஒன்றுமில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் மட்டும் 'பெண் குழந்தை' என்றும் 'சம்மதம்' என்றும் இரண்டு சொற்கள். அவை எங்கே இருந்தாலும் எடுத்து வா என்று கேட்டிருந்தார். அப்படிக் கேட்டால் இயந்திரம் ஒவ்வொரு மனிதரின் குறிப்பையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாக வேண்டும். வயதைத் தவிர வேறு எந்த நிபந்தனையும் அவர் போடாததால்தான் சர்வர் நின்றது.

வள்ளியப்பன் அண்ணனும் அப்போதுதான் அதைப் படித்தார். முகம் மாறிவிட்டது. "அடப்பாவி... நம்ம உமையாளா? நான் ஓடுற நேரத்தத்தாம்ப்பா பாத்தேன். சத்தியமாப் படிக்கலப்பா."

அவர் படத்தை அழித்தார். அதற்குள் எட்டுப் பேர் பார்த்திருந்தார்கள். அந்த எட்டில் ஒருவர் சொக்கலிங்கம். மையத்துக்கு விண்ணப்பப் படிவமும் வருடாந்தர வரன் புத்தகமும் அடித்துக் கொடுக்கும் அச்சகக்காரர். உமையாள் அக்காவின் கொழுந்தன். அதே வீட்டில் இருப்பவர்.

நான் அனுமதியைத் திரும்ப எடுத்துவிட்டு மேடத்துக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் மேடம்."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப மொதல்ல அவுககிட்டப் போகணும். வேற யாரும் போயிச் சொல்றதுக்கு முந்தி நாம சொல்லணும். மையத்து வாசல்ல நில்லு, வந்துர்றேன்."

உமையாள் அக்கா டிபன் பாக்ஸைத் திறக்காமல் பக்கத்தில் வைத்திருந்தார். முன் மேஜைக்கு ஆள் வராத சாப்பாட்டு நேரம்தான் அவருக்குத் தேடக் கிடைத்த நேரம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடம் ஒரு நாற்காலியை இழுத்து அவர் அருகில் போட்டு உட்கார்ந்தார். வள்ளியப்பன் அண்ணன் கதவைச் சாத்திவிட்டுக் கதவோரமே நின்றார். நான்தான் சொன்னேன். நான் கொடுத்த அனுமதி, நான் பார்க்காமல் விட்டது, குழுவில் போன படம், எட்டுப் பேர். எதையும் குறைக்கவில்லை.

அவர் முதலில் கேட்டது: "நீங்க பாத்தீகளா தம்பி?"

"பாத்தேன்க்கா."

"நான் எந்திரிக்கும்போது அழிச்சுட்டுத்தானே போவேன். யாருக்கும் தெரியாதுன்னுல்ல இருந்தேன்."

"உங்க ஸ்க்ரீன்ல அழியும்க்கா. சர்வர்ல நீங்க கடைசியாக் கேட்டது, அடுத்தது கேக்குற வரைக்கும் அப்படியே நிக்கும்."

"கடைசியாக் கேட்டது நிக்குமா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நான் கேட்டதாலயா எல்லாருக்கும் நின்னுச்சு? பத்து நாளா நானும் இவுகளோட சேந்து சர்வரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார். சிரித்தார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

வள்ளியப்பன் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "உமையா, நாஞ்சொல்றதக் கேளு. யாரோ கஸ்டமருக்காகத் தேடுனேன்னு குரூப்புல ஒரு வரி போட்ருவோம். நீ தேடுறது நாள் முழுக்க அதானே! எவன் கேக்கப் போறான்?"

அது நல்ல பொய். எல்லாரும் நம்பியிருப்பார்கள். எனக்கும் அது வேண்டியிருந்தது. அந்த ஒரு வரியோடு என் தப்பும் மறைந்துவிடும். மேடத்தைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தார்.

"அத அவுகதான் சொல்லணும்" என்றார்.

வெளியே யாரோ வண்டியை மிதித்து மிதித்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போன பிறகு உமையாள் அக்கா சொன்னார்: "வேணாம்ணே. இன்னைக்கு எனக்கில்லேன்னு எழுதிப்புட்டா, நாளைக்கு நெசமாவே தேட முடியாதுல்ல."

அதனால் யாரும் எதுவும் போடவில்லை. நானும் மேடமும் மையத்தின் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினோம். தவறு எங்களுடையது, அனுமதி நான் கொடுத்தது என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். "நீங்க எதுக்கு மேடம்? நாந்தானே?" என்றேன். "நோட்டு என்னுது தம்பி" என்றார். செயலாளர் எங்களை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அலுவலகக் கம்ப்யூட்டரில் சொந்த வேலை பார்த்ததாக உமையாள் அக்காவுக்கு ஒரு தாள் போனது. ஒரு மாதம் அவரை முன் மேஜையிலிருந்து எடுத்து, பின்னால் கோப்பு அடுக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். வீட்டில் மாமியார் அவரோடு பேச்சை நிறுத்தினார். அது எத்தனை மாதம் நீடித்தது என்று நான் பிறகு கேட்டேன், அவர் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சொக்கலிங்கம் எங்கள் அறைக்கு வந்தார். விரலெல்லாம் மை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன்.

"உக்காருப்பா. அந்தப் படத்துல கேள்வி மட்டும்தான் இருந்துச்சு. பதில் வந்துச்சா?"

"தெரியாதுண்ணே. அந்த வியூ கேட்டதத்தான் காட்டும், கெடச்சதக் காட்டாது."

"உனக்கும் தெரியாதா?"

"பாத்தாத் தெரியும். பாக்க மாட்டேன்."

அவர் விரல் மையைத் துடைத்துக்கொண்டார். "பத்து நாளா அண்ணி டிபன் பாக்ஸத் தொறக்காமலே கொண்டாந்தாக. எங்காத்தா ஒரே ஏச்சு, நான் வச்ச கொழம்பு புடிக்கலயான்னு. இதுக்குத்தானான்னு இப்பத்தான் தெரியுது" என்றார். எழுந்து வாசல் வரைக்கும் போனவர் நின்று, "சம்மதம்னு போட்டுல்ல தேடியிருக்காக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன் அர்த்தம் அன்று எனக்குப் புரியவில்லை.

நந்தினிக்குக் கொடுத்த அரைப் பக்கத்தில் இருப்பதெல்லாம் அதற்கு அடுத்த வாரம் நானும் மேடமும் செய்தவை. பெரிய அனுமதியை யாருக்கும் நேராகக் கொடுப்பதில்லை. நாங்களே ஒரு சின்ன வியூவைத் தனியாகக் கட்டினோம். எத்தனை பேர் இருக்கிறார்கள், எது எவ்வளவு நேரமாக ஓடுகிறது, எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது மட்டும் அதில் தெரியும். பெயர் தெரியாது. கேட்ட கேள்வியும் தெரியாது. கேள்வியைப் பார்த்தே தீர வேண்டும் என்றால், அதன் உருவத்தை மட்டும் காட்டும் இன்னொரு பட்டியல் இருக்கிறது. கேட்டவர் போட்ட சொல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குறி நிற்கும். வள்ளியப்பன் அண்ணனுக்கு அன்று அதுவே போதுமாக இருந்திருக்கும். கொடுத்த அனுமதிக்கு ஒரு முடிவுத் தேதி. கொடுத்த பிறகு அவர் கண்ணால் ஒரு பார்வை.

நோட்டில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன்: 'யாரைப் பார்ப்பார்'. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதில் நான்காவது கட்டம் நெரிசலாகிவிட்டது. "எழுத எடமில்லாம ஆக்கிட்டியே தம்பி" என்று மேடம் கடிந்துகொண்டார். ஆனால் அதற்குப் பிறகு வாங்கிய நோட்டுகளில் ஐந்து கட்டத்தையும் அவரே போட்டுவைத்தார்.

இன்னொன்றும் செய்தேன். குறிப்புக் கட்டத்தில் உள்ள சொற்களுக்கு ஓர் அகரவரிசைப் பட்டியல் மாதிரி இயந்திரத்துக்குள் கட்டிவைத்தேன். கால் மணி நேரம் ஓடிய அந்தத் தேடல் ஒரு நொடிக்குள் முடிந்தது. நோட்டில் 'எதுக்கு' என்ற கட்டத்தில் 'உமையாள் அக்காவுக்கு' என்று எழுதியிருந்தேன். மறுநாள் பார்த்தால் மேடம் அதை அடித்துவிட்டு, 'தேடுகிறவர்களுக்கு' என்று எழுதியிருந்தார்.

உமையாள் அக்கா முன் மேஜைக்குத் திரும்பி வந்தார். தேடினாரா, இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடிய ஆள் ஊரிலேயே நானும் மேடமும்தான். அந்த வேலையில் நான் செய்ததிலேயே கடினமானது எது என்று நந்தினி கேட்டால், அப்படிப் பார்க்காமல் இருந்ததைத்தான் சொல்வேன்.

அடுத்த வருடத்துக்கு அடுத்த வருட வரன் புத்தகம் அச்சுக்குப் போனபோது சொக்கலிங்கம் பிழை திருத்தும் தாள்களைத் தானே படித்தாராம். அச்சகத்தில் அதற்கு ஆள் உண்டு. ஆனாலும் அவரே படித்தார். அதில் ஒரு பதிவு: பள்ளத்தூர்ப் பக்கம், நாற்பத்தாறு வயது, ஒரு கடையில் கணக்கர், கல்யாணமே ஆகாதவர். குறிப்பில் அந்த மனிதர் எழுதியிருந்தது: 'குழந்தை இருந்தால் சந்தோஷம்.' பதிவு பழையது. உமையாள் அக்கா தேடிய பத்து நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. அவர் சம்மதம் என்று கேட்டார், அந்த மனிதர் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். சம்மதித்தாலே போதும் என்று அக்கா இறங்கிக் கேட்டதைத்தான் சொக்கலிங்கம் அன்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறார். நான் எத்தனை வேகமாக ஆக்கினாலும் அந்த இரண்டையும் இயந்திரம் சேர்த்து வைத்திருக்காது. அந்தத் தாளை அண்ணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தது சொக்கலிங்கம்தான்.

அந்தப் படம் வெளியே போனதால்தானே கொழுந்தனுக்குத் தெரிந்தது, அதனால்தானே நல்லது நடந்தது என்று வள்ளியப்பன் அண்ணன் இன்றைக்கும் என்னிடம் சொல்வார். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சொல்ல வேண்டிய நேரத்தை அக்காவே வைத்திருந்தார். அதை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். பின்னால் எது வந்தாலும் அது திரும்பி வராது. நந்தினி, நீ இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

கல்யாணம் குன்றக்குடி மலைக்கோயிலில் நடந்தது. மொத்தம் பதினெட்டுப் பேர். மாமியார் மலை ஏறவில்லை. ஆனால் அடிவாரத்தில் வண்டியில் உட்கார்ந்திருந்தார். வந்திருந்தார், அவ்வளவுதான். கதீஜா மேடம் சாப்பாட்டுக்கு நேராக வந்து சேர்ந்தார். இலை போட்டபோது மணி ஒன்றரை இருக்கும். உமையாள் அக்கா மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இரண்டாவது தடவை சாம்பார் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செலவில் பாதி தன்னுடையது என்று முதலிலேயே சொல்லியிருந்ததால், கை கழுவிவிட்டு வந்ததும் கொழுந்தனிடம் கணக்குக் கேட்டார். சொக்கலிங்கம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். மலையில் கட்டிய ரசீது, மாலை இரண்டு, வேன் வாடகை என்று படித்துக்கொண்டே வந்து, கடைசியில் நிறுத்திச் சொன்னார்:

"மத்தியானச் சாப்பாட்டையும் சேத்து, பதினாலாயிரத்து முந்நூத்தி இருபது ரூவா அண்ணி."